செட்டுல குறையில்லீங்க

இந்த வாக்கி டாக்கி செட்டுல ஒரு குறையும் இல்லீங்க. இதை முதல்லயே சொல்லிப்போடறேன். தாராபுரத்துல இருந்து வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா "ஏனுங்க விக்கறீங்க, என்ன ரிப்பேரு"ன்னு கேட்டீங்க பாருங்க, அது சுருக்குன்னு குத்திருச்சு. உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி.

குறையெல்லாம் மனுசங்ககிட்டங்க. செட்டு என்ன பண்ணும்? அமுக்குனா பேசும், விட்டா கேக்கும். மனுசனுக்குத்தான் ரெண்டும் தெரியாது.

என்ற பேரு குழந்தைவேலு. உடுமலையில வந்து குழந்தைவேலு டிவி சர்வீஸ்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரன் கொண்டாந்து விட்டுருவான். முப்பத்திரண்டு வருசம். ரேடியோ, டேப்பு, டிவி, டிஷ்ஷு, எல்லாம் பார்த்தாச்சு. இப்ப யாருங்க ரிப்பேர் பண்றாங்க, கெட்டா தூக்கிப் போட்டுப்போட்டு புதுசு வாங்கறாங்க. அது வேற கதை. அதைச் சொல்ல ஆரம்பிச்சா நீங்க இன்னைக்குத் தாராபுரம் போகமாட்டீங்க.

எங்க குரூப்புக்கு ரெண்டாம் ஞாயிறு குரூப்புன்னு பேரு. மாசா மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு எங்கயாச்சும் போறது. எட்டுப் பேரு, எட்டு வண்டி. நான், மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கற மதனகோபாலு, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கற லோகநாயகி, அந்தப் புள்ளையும் புல்லட்டுதான், நல்லா ஓட்டும், அதைச் சொல்லணும்ல. அப்புறம் சாதிக்கு. பைக்குக்கு சீட் கவர் தைக்கறவன். பாக்கி நாலு பேரு உங்களுக்கு வேண்டாம், அவிய எந்தப் பக்கம் காத்தடிக்குதோ அந்தப் பக்கம் தலையாட்டறவிய.

முன்னால எல்லாம் எப்படிப் போவோம்? கையைக் காட்டறது, ஆரன் அடிக்கறது. மூணாறு ரோட்டுல சின்னார் செக்போஸ்ட் தாண்டிட்டா போனு செத்துரும். ஒரு தடவை மதனு டயர் பஞ்சராகி நின்னுட்டான், நாங்க மறையூர் போயி டீ குடிச்சு முடிச்சுத்தான் எண்ணிப் பார்த்தோம், ஏழு பேருதான் இருக்கோம். அந்தக் காட்டுக்குள்ள அவன் ஒண்டியா ஒண்ணரை மணி நேரம். திரும்பிப் போறப்ப அவன் மூஞ்சியை நீங்க பார்க்கணும். அப்பத்தான் நான் சொன்னேன், வாக்கி டாக்கி வாங்கிரலாம்னு. ஆருங்க சொன்னது? நான். இதை இப்ப ஒருத்தனும் சொல்ல மாட்டான்.

புதுசு வாங்கறதுக்கு இவியளுக்கு மனசு வரலை. பல்லடத்துப் பக்கம் ஒரு மில்லை மூடினாங்க, அங்க செக்யூரிட்டிக்காரங்க வெச்சிருந்த பழைய செட்டு எட்டு இருந்துச்சு. நானே போயி, ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து, பேட்டரி முனையெல்லாம் சுரண்டிப் பார்த்து எடுத்துட்டு வந்தேன்.

பழைய செட்டுன்னா சும்மா ஆன் பண்ணிப் பேசிட முடியாதுங்க. அது அந்த மில்லுக்காரன் லைசென்ஸ் வாங்கின அலைவரிசையில நிக்கும். உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சுப்போட்டு, லைசென்ஸு இல்லாம பேசறதுக்குன்னு விட்டு வெச்சிருக்கற அலைவரிசையை ஏத்தணும், பவரையும் கொறைக்கணும். அதுக்கு ஒரு கேபிளு. அந்தக் கேபிளை லேப்டாப் கண்டுக்கவே இல்லை. புது லேப்டாப்புல அந்த சாஃப்ட்வேர் ஓடாதுன்னு, என்ற மச்சினன் வீட்டுப் பரண்ல கிடந்த பழசை எடுத்தாந்தேன், அதுல "ஏ" எழுத்து அமுங்காது. அஞ்சு நாளுங்க. கடையை அரை ஷட்டர் போட்டுட்டு அஞ்சு நாளு. முதல் செட்டு "ரீட்" ஆகி, மில்லுக்காரன் போட்டு வெச்சிருந்த சேனலெல்லாம் திரையில வந்துச்சு பாருங்க. கேட்டு, குடோனு, கேண்டீனு, நாலாவதா முதலாளின்னு ஒரு சேனலு. அந்த முதலாளியை நான்தான் டெலீட் பண்ணேன். ஒரு சந்தோசம்ங்க அது.

நீங்களும் குரூப்பு வெச்சிருக்கீங்க, அதனால ரெண்டு சமாச்சாரம் கேட்டுக்குங்க. இந்த ரெண்டை வெச்சுத்தான் என்னை இப்ப கொலைகாரன் மாதிரிப் பேசறாங்க.

ஒண்ணு, டைமரு. எந்தச் செட்டுலயும் கம்பெனியிலயே அறுபது செகண்டு வெச்சிருப்பான். அறுபது செகண்டுக்கு மேல ஒருத்தன் பட்டனை அமுக்கிட்டே இருந்தா தானா கட்டாயிரும். நீங்களே சொல்லுங்க, முக்கியமான ஒரு விசயத்தைச் சொல்லிட்டு இருக்கறப்ப பாதியில கட்டானா எப்படி இருக்கும்? அதை நான் எடுத்துட்டேன்.

ரெண்டாவது, ஒருத்தன் பேசிட்டு இருக்கறப்ப இன்னொருத்தன் பட்டனை அமுக்குனா போகக் கூடாது, பீப்புன்னு ஒரு சத்தம் மட்டும் வரணும். அதுக்கும் ஒரு செட்டிங் இருக்குது. அதை நான் போட்டேன். எதுக்கு? ஒழுங்குக்கு. எட்டுப் பேரும் ஒரே நேரத்துல வாயைத் தொறந்தா சந்தைக்கடை ஆயிரும்ல? ஒருத்தர் பேசி முடிச்சு விடட்டும், அப்புறம் அடுத்தவன் பேசட்டும். இதுல என்னங்க தப்பு?

எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாடம் எடுத்தேன். பட்டனை அமுக்கி ஒரு செகண்டு விட்டுப் பேசணும். பேசி முடிச்சா "ஓவர்" சொல்லணும். ஒருத்தராச்சும் சொன்னாங்களா? அந்தப் புள்ள லோகநாயகி முதல் நாளே பட்டனை அமுக்கிட்டுப் பாட்டுப் பாடுது. மதனு "அண்ணா, பஜ்ஜி வாசம் வருது, நிறுத்தலாமா"ங்கறான். இதுக்கா நான் அஞ்சு நாளு கண்ணு பூத்து உக்காந்திருந்தேன்? ஒரு அதட்டு அதட்டினேன். அன்னையோட பாட்டும் போச்சு, பஜ்ஜியும் போச்சு. செட்டு செட்டா இருந்துச்சு.

நான்தான் முன்னால போவேன். முன்னால போறவன் பேசித்தானுங்க ஆகணும்? "முன்னால பள்ளம், இடது பக்கம் ஒதுங்குங்க." "லாரி வருது." "வலது பக்கம் பாருங்க, அதுதான் அமராவதி டேமு." டேமைப் பார்த்தா டேமைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டமா? அந்த டேமு ஆஃபீஸுல நான் ஆன்டெனா மாட்டின கதை இருக்குது, அதைச் சொல்ல மாட்டமா? ரோட்டுல போறப்ப நாலு விசயம் தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லதுதான? வாயை மூடிட்டு வண்டி ஓட்டறதுக்கு எதுக்குங்க குரூப்பு?

எங்க வீட்டுக்காரி ருக்குமணி, முதல் தடவை நான் ஹெல்மெட்டுல மைக்கு மாட்டறதைப் பார்த்துப்போட்டு, "ஏழு பேரு காதுக்குள்ளயேவா? பாவம்"னா. அவ அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் நக்கலு.

மூணாவது ட்ரிப்புல இருந்து ஒரு வினோதம் ஆரம்பிச்சுது. "அண்ணா, என்ற செட்டு பேட்டரி போயிருச்சு." பாதி வழியில மதனுக்குப் போச்சு. அடுத்த மாசம் இன்னும் ரெண்டு பேருக்கு. கடைக்குக் கொண்டாந்து மீட்டர் வெச்சுப் பார்த்தா முழுசா இருக்குது! சரி, பழைய பேட்டரி, லோடு குடுத்தா விழுகுதாக்கும்னு எட்டுக்கும் புதுசு மாத்தினேன். என்ற கைக்காசு, அதை விடுங்க. மாத்தியும் போகுது! அப்புறம் பார்த்தா வால்யூம் குமிழை ஒவ்வொருத்தனும் அடியோட கொறைச்சு வெச்சிருக்கான். "ஏண்டா மதனு, இப்படி வெச்சா என்ன கேக்கும்"னா, "காத்து சத்தத்துல தானா சுத்திருக்கும்ண்ணா"ங்கறான். காத்துல குமிழு சுத்துமாங்க? ஒரு பொருளை வெச்சுப் பொழங்கத் தெரியாத சனங்க. அவ்வளவு அசட்டை.

சாதிக்கு மட்டும்தாங்க. கடைசி வண்டி அவனுது. எட்டாவது ஆளா வால்ல வருவான். நான் என்ன சொன்னாலும் பின்னால இருந்து "சரிங்கண்ணா"ன்னு ஒரு பதில் வரும். பள்ளம்னா சரிங்கண்ணா. டேமு கதை சொன்னாலும் சரிங்கண்ணா. அவன் செட்டு ஒரு நாளும் சார்ஜ் போனதில்லை. நான் மத்தவங்களுக்குச் சொல்லிக் காட்டுவேன், பாருங்கடா, அதே மில்லு செட்டுதான், அதே பேட்டரிதான், சாதிக்குக்கு மட்டும் எப்படி ஓடுதுன்னு.

இப்ப ஆடி மாசம் நடந்ததைச் சொல்றேன்.

மறையூர் போலாம்னு கிளம்பினோம். சாரல் பிடிச்சு விட்டுட்டு இருந்துச்சு. சின்னார் தாண்டி மேல ஏறிட்டு இருக்கறோம், காலையில பத்து மணி இருக்கும். ஒரு வளைவு திரும்பறேன், நடு ரோட்டுல ஒத்தைக் கொம்பன். என்ற வண்டிக்கும் அதுக்கும் நூறடி இருக்கும். நிக்குது. மூங்கிலை ஒடிச்சு மேல போட்டுக்கிட்டு, காதை ஆட்டிக்கிட்டு நிக்குது.

நான் பயப்படலை. பட்டனை அமுக்கினேன். "யானை. எல்லாரும் எங்கெங்க இருக்கீங்களோ அங்கங்க நில்லுங்க. இஞ்சினை நிறுத்துங்க. ஆரன் அடிக்கக் கூடாது. எவனும் முன்னால வரக் கூடாது." கிளீனாச் சொன்னேன். அந்த நேரம் செட்டு மட்டும் இல்லேன்னா பின்னால வர்ற ஏழு பேரும் வளைவு திரும்பி வந்து என்ற மேல மோதியிருப்பாங்க, யானை எங்களை மிதிச்சிருக்கும். ஏழு உசுருங்க. இதை ஆரு பேசறாங்க?

வளைவு வளைவா இருக்கற ரோடு அது. ஆளுக்கொரு திருப்பத்துல நிக்கறாங்க. நான் முன்னால, எனக்குப் பின்னால மதனு, அப்படியே வரிசையா, ஏழாவது லோகநாயகி, கடைசியில சாதிக்கு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. சத்தம் ஒண்ணுதான் துணை. அப்ப நான் பேசாம இருக்கலாமா? சொல்லுங்க. காட்டுக்குள்ள, யானை முன்னால நிக்கறப்ப, பயந்து கிடக்கறவங்களுக்கு ஒரு தைரியம் வேணாமா? யானை பாட்டுக்கு நிக்குது, நகர்ற மாதிரியே இல்லை. சரின்னு நான் பேச்சுக் குடுத்துட்டே இருந்தேன். மெதுவாத்தான், யானைக்குக் கேக்காத மாதிரி. அது இப்ப காதை ஆட்டுது, இப்ப வாலை ஆட்டுது. அப்புறம் அதுலயே எவ்வளவு நேரம் சொல்றது? ஒரு மேட்ச்சு நாள்ல தாசில்தார் வீட்டு டிவி புகைஞ்சு போயி, ஜீப்பு அனுப்பி என்னைக் கூட்டிட்டுப் போன கதை இருக்குதுங்க. அங்க முப்பது பேரு உக்காந்திருக்காங்க, கரண்டு வேற வந்து வந்து போகுது. நல்லா இருக்கும் அந்தக் கதை. அதைச் சொல்ல ஆரம்பிச்சேன். கட்டை விரலு வலிச்சுது. பால் பாக்கெட்டுல வர்ற ரப்பர் பேண்டு ஒண்ணு கைப்பிடியில இருந்துச்சு, அதைப் பட்டன் மேல மாட்டி விட்டுட்டேன்.

எவ்வளவு நேரம்னு கேக்கறீங்களா? இருபது நிமிசம் இருக்கும். இருபது நிமிசம் நான் ஒரு ஆளு ஏழு பேரைக் கட்டிக் காத்தேன். யானை இறங்கிக் காட்டுக்குள்ள போச்சு. ரப்பர் பேண்டை எடுத்துப்போட்டு, "போயிருச்சு, எல்லாரும் வாங்க, ஓவர்"னேன்.

அந்த நிமிசமே காதுக்குள்ள அந்தப் புள்ள கத்துது. "சாதிக்கண்ணன் கீழ விழுந்து கிடக்கறாரு! ஆராச்சும் வாங்க! எத்தனை நேரமாக் கூப்பிடறேன்!"

வண்டியைத் திருப்பிட்டுப் போனேன். கடைசி வளைவுல, ரோட்டு ஓரம் சரிவுல, உண்ணிச்செடிப் புதருக்குள்ள கிடக்கறான். வண்டி அவன் கால் மேல. நான் யானைன்னு சொன்னதும் பிரேக் பிடிச்சிருக்கான், ஈரத்துல ஜல்லியில சறுக்கி, அப்படியே கீழ போயிட்டான். மேல ரோட்டுல இருந்து பார்த்தா தெரியாது. லோகநாயகிக்கு முதல்லயே சந்தேகம். வளைவுக்குப் பின்னால இஞ்சின் சத்தம் வந்து நின்ன விதம் சரியில்லைன்னு பட்டுச்சாம். கேக்கலாம்னு பட்டனை அமுக்கினா பீப்பு. மறுபடி அமுக்கினா பீப்பு. பதினஞ்சு நிமிசம் பார்த்துப்போட்டு, வண்டியை அங்கயே நிறுத்திட்டு, காட்டு ரோட்டுல தனியா அவனைத் தேடிப் பின்னால நடந்து வந்திருக்குது. நான்தான் இருக்கற இடத்துல நில்லுன்னு சொன்னேன்ல? அதை மீறித்தான் வந்திருக்குது. சரி, வந்தது நல்லதாப் போச்சு, நான் இல்லைங்கலை.

வண்டியைத் தூக்கினது நான். மதனும் பிடிச்சான், ஆனா முக்கியமாத் தூக்கினது நான். காலு ரெண்டு இடத்துல போச்சு. ஒரு ஜீப்பை நிறுத்தி உடுமலைக்குக் கொண்டாந்து, அங்கிருந்து கோயமுத்தூரு. கம்பி வெச்சுத் தெச்சாங்க. தையல் மெஷின் மிதிக்கற காலு.

ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் எல்லாருக்கும் தைரியம் சொல்லிட்டு இருக்கறேன், அந்தப் புள்ள எந்திரிச்சு வந்து என்ற முன்னால நிக்குது. கையெல்லாம் முள்ளு கீறி இருக்குது. "அண்ணா, கொஞ்சம் நிறுத்தறீங்களா"ன்னுச்சு.

"என்ன புள்ள?"ன்னேன்.

"இருபது நிமிசம் நீங்க பட்டனை விடலை. அவரு அங்க கிடந்து அமுக்கிட்டே இருந்திருக்காரு. நானும் அமுக்கிட்டே இருந்தேன். தாசில்தார் வீட்டுல எத்தனை டம்ளர் மோர் குடுத்தாங்கன்னு நீங்க சொல்லிட்டு இருந்தீங்க."

பாருங்க, அம்பது பேரு இருக்கற வராண்டா. ஒரு பொம்பளைப் புள்ள என்னைப் பார்த்து இப்படி.

நான் சொன்னேன், "உனக்கு அவசரம்னா நீ ஆரன் அடிச்சிருக்கலாம்ல?"

"ஆரன் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க?"

அது யானைக்காகச் சொன்னதுங்க! ஆபத்துன்னு வந்தா அடிக்க வேண்டியதுதான? இதையெல்லாம் ஒண்ணொண்ணா எழுதியா குடுக்க முடியும்?

அதோட விட்டாங்களா? மதனு என்ன பண்ணான் தெரியுங்களா? அவன் செட்டைக் கொண்டு போயி பொள்ளாச்சியில இன்னொரு மெக்கானிக்குகிட்டக் குடுத்துப் பார்த்திருக்கான். நான் புரோகிராம் பண்ண செட்டை இன்னொருத்தன் கேபிள் போட்டுத் தொறந்து பார்க்கறான்! அவன் சொன்னானாம், "டைமரை ஆரோ வேணும்னே எடுத்திருக்காங்க, பிஸி லாக்கும் போட்டிருக்காங்க, ரெண்டும் சேர்ந்தா ஒருத்தன் விடாத வரைக்கும் இன்னொருத்தன் சாகக் கிடந்தாலும் பேச முடியாது"ன்னு. முப்பத்திரண்டு வருசத் தொழிலுங்க. நேத்து வந்த ஒரு ஆளு என்ற வேலைக்குக் குத்தம் சொல்றான், அதை மதனு வந்து என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்றான். சொல்லிப்போட்டு, மெடிக்கல் ஷாப் கவர்ல அவிய ஆறு பேரு செட்டையும் போட்டுக் கொண்டாந்து, நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அந்த இடத்துல வெச்சுப்போட்டுப் போயிட்டான். சாதிக்கோட செட்டு ஏற்கெனவே என்ற கிட்ட இருந்துச்சு, விழுந்த இடத்துல இருந்து நான்தான் பொறுக்கிட்டு வந்தேன். ஒரு கீறல்தான். அதையும் பாலீஷ் போட்டுட்டேன், உங்களுக்குத் தெரியாது.

இப்ப புதுசா ஒரு வாட்ஸ்அப் குரூப்பு ஆரம்பிச்சிருக்காங்களாம். போன மாசம் வால்பாறை போயிருக்காங்க. என்னைச் சேர்க்கலை. எனக்கு ஆரு சொன்னது? பெட்ரோல் பங்குக்காரன் சொல்றான், "என்னண்ணா நீங்க போகலையா"ன்னு. என்ற வயித்தெரிச்சல் எப்படி இருந்திருக்கும்? குரூப்புக்குப் பேரு வெச்சவன் நான்!

சரி, ஊரு உலகம் எப்படியோ போகட்டும், சாதிக்கு என்ற பக்கம் நிப்பான்னு எனக்குத் தெரியும். அவன் வாயால ஒரு வார்த்தை, "அண்ணன் மேல தப்பில்லை"ன்னு, சொல்லிட்டா இவிய எல்லாம் வாயை மூடிக்குவாங்க. அதுக்காகத்தான் போனேன். ஆப்பிளு, ஹார்லிக்ஸு எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன்.

கட்டில்ல காலை நீட்டி உக்காந்திருந்தான். எளைச்சுப் போயிட்டான். அவன் சம்சாரம் சம்சாத்து, டீ கொண்டாந்து வெச்சுப்போட்டு, கதவோரம் போயி நின்னுக்கிச்சு. நான் நடந்ததை முதல்ல இருந்து சொன்னேன். டைமரு எதுக்கு எடுத்தேன், லாக்கு எதுக்குப் போட்டேன், யானை எங்க நின்னுச்சு, மதனு பண்ண துரோகம், எல்லாம். ஒரு மணி நேரம் இருக்கும். பார்த்தா அவன் கண்ணை மூடிட்டு இருக்கறான். மாத்திரை மயக்கமா இருக்கும்னு நான் எந்திரிச்சேன்.

சம்சாத்து பின்னாலயே வந்துச்சு. செருப்பு மாட்டறப்ப சொல்லுச்சு, "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. வந்து பார்த்தவங்க எல்லாரும் அவருகிட்ட ஒண்ணு கேட்டாங்க. அங்க கிடந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு. அவரு ஆருகிட்டயும் சொல்லலை. நீங்க வந்து கேப்பீங்கன்னு வெச்சிருந்தாரு. உங்ககிட்டத்தான் சொல்லணும்னு இருந்தாரு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இதென்னங்க பரீட்சையா? நான் பார்க்கப் போனது தெரியலை, ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனது தெரியலை, இந்தக் கேள்வியைக் கேக்கலைங்கறது மட்டும் தெரியுது. எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? வண்டியைத் தூக்கினவனே நான்தான? விருட்டுன்னு வண்டி எடுத்துட்டு வந்துட்டேன். தளி ரோட்டு முக்கு வரைக்கும் வந்தேன். அங்க ஓரமா நிறுத்திட்டேன். எதுக்கு நிறுத்தினேன்னு தெரியலை. ஒரு கேள்வி கேக்கறதுக்காக ஒரு மனுசன் திரும்பிப் போவானா?

போனேனுங்க.

சம்சாத்து கதவைத் தொறந்துச்சு. அவன் முழிச்சுத்தான் இருந்தான். நான் உக்காரலை, நின்னுட்டே கேட்டேன். "அங்க விழுந்து கிடந்தப்ப எப்படி சாதிக்கு இருந்துச்சு?"

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் சொல்ல ஆரம்பிச்சான். இந்த ரெண்டு வருசத்துல அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லைங்க.

"பெட்ரோல் ஒழுகிட்டே இருந்துச்சுண்ணா. தொடையில விழுந்து ஒரே எரிச்சல். சூட்டுல இஞ்சின் டிக்கு டிக்குன்னு சத்தம் போடுது. பத்திக்கும்னு நெனச்சேன். மேல ரோட்டுல ரெண்டு காரு போச்சு. கத்தினேன். கத்தினது ஹெல்மெட்டுக்குள்ளயே சுத்துச்சு. பட்டனை அமுக்கினேன், பீப்பு. எண்ணிக்கிட்டே அமுக்கினேன். முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன். ஹெல்மெட்டைக் கழட்டலாம்னா கை அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு. உங்க சத்தம் மட்டும் காதுக்குள்ள வந்துட்டே இருந்துச்சு. எங்க சின்னப் பாப்பா ஸ்கூலு விட்டு வர்ற நேரத்தை நெனச்சேன், அன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்கறதே மறந்து போச்சு. அப்ப நான் என்ன நெனச்சேன்னாண்ணா..."

அங்கதாங்க. அந்த இடத்துல நான் கேட்டுப்போட்டேன். "ஏன் சாதிக்கு, பெட்ரோல் டேப்பைத் திருப்பி மூடியிருக்கலாம்ல? கைக்குப் பக்கத்துலதான இருக்கும்?"ன்னு.

நல்லதுக்குத்தாங்க கேட்டேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உதவுமேன்னு. ஒரு மெக்கானிக்கு அதைத்தான கேப்பான்?

அவன் நிறுத்திட்டான். "ஆமாண்ணா, மூடியிருக்கலாம்"னான்.

"சரி, அப்ப என்ன நெனச்சே? சொல்லு."

"ஒண்ணுமில்லண்ணா."

"இல்லை சாதிக்கு, ஏதோ சொல்ல வந்தியே."

"மறந்துருச்சுண்ணா"ன்னு காலுக்குத் தலகாணியைச் சரி பண்ணிக்கிட்டான். கதவோரத்துல சம்சாத்து தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

அப்புறம் மூணு தடவை போயிட்டேங்க. மூணு தடவையும் கேட்டுட்டேன். ஊன்றுகோல் வெச்சு நடக்கறான், நல்லாத்தான் வரவேற்கறான், டீ குடுக்கறாங்க, மழையைப் பத்திப் பேசறான், மெஷினுக்கு மோட்டார் வெச்சதைப் பத்திப் பேசறான். அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறான். ஒரு மனுசன் மானத்தை விட்டு வந்து கேக்கறான், வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்னங்க? அப்படி என்ன சொல்லிறப் போறான்? என்னைத் திட்டினேன்னு சொல்லப் போறானா? திட்டட்டும்! சாமியைக் கும்பிட்டேன்னு சொல்லப் போறானா? செத்துப் போயிருவேன்னு நெனச்சேன்னு சொல்லப் போறானா? எதுவா இருந்தாலும் சொல்லிப்போட வேண்டியதுதான? எரிச்சல்ங்க. இங்க உக்காந்து சோல்டரிங் வெக்கறப்ப, சோறு திங்கறப்ப, ருக்குமணி ஏதோ சொல்றப்ப, "அப்ப நான் என்ன நெனச்சேன்னாண்ணா"ன்னு அதோட வந்து நிக்குது. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது.

நீங்களும் வண்டி ஓட்டறவரு. விழுந்திருப்பீங்க, எந்திரிச்சிருப்பீங்க. அந்த இடத்துல, கால் மேல வண்டி கிடக்க, ஒரு மனுசன் என்னங்க நெனச்சிருப்பான்?

சொல்லுங்க தம்பி. நான் வாயைத் தொறக்கலை.